மில் பாட்டுக்குக் குரல் வேண்டாம்

இளங்கோ,

உன்னை நாற்பது பேர் பார்க்க நான் திட்டினேன். லைட் தூக்குகிறவர்கள், டீ கொடுக்கிறவர், சென்னையிலிருந்து வந்திருந்த கதாநாயகி, வேடசந்தூர்ப் பக்கத்து மில் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். ஊர் பார்க்கத் திட்டிவிட்டுத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்வது எனக்குப் பிடிக்காது. கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர்கள் அதற்கு இடம் கொடுத்ததில்லை. வகுப்பில் செய்த தவற்றை வகுப்பில்தான் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதத்தை உன் விலாசத்துக்கு அனுப்பாமல், எல்லோரும் படிக்கிற இடத்துக்கு அனுப்புகிறேன். மற்றவர்களுக்கும் விஷயம் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படி. பாதியில் தாவாதே, அந்தப் பழக்கம் உனக்கு உண்டு.

உன் அப்பா வேடசந்தூர் போகிற வழியில் ஒரு நூற்பாலையில் டைம் கீப்பராக இருந்தார். நான் திண்டுக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டர். கல்யாணத்துக்கு முன்பே எனக்கு அவர் குரல் பழக்கம். மில் மேனேஜருக்காக வெளியூர் கால் புக் செய்ய அவர்தான் கூப்பிடுவார். பின்னால் எந்திரம் இரைந்துகொண்டிருக்கும், இவர் கத்துவார். "சார், கத்தாதீங்க, தெளிவாப் பேசுங்க" என்று நான் அதட்டுவேன். பெண் பார்க்க வந்தபோது அவர் வாயைத் திறந்து "தண்ணி குடுங்க" என்றதும் எனக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. உள்ளே போய் என் அம்மாவிடம், "இவரு கத்துறவரு" என்றேன். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் அவர் என்னை "ஆபரேட்டரம்மா" என்றுதான் கூப்பிட்டார்.

அவர் எழுதிய 'ஆறேகால் பஸ்' நாடகத்தில் பதினோரு பாட்டுகள். கதை சின்னது. முத்துப்பேச்சி என்கிற பெண் பத்து வருடமாக மில்லில் வேலை பார்க்கிறாள். அவள் மகள் பிளஸ் டூ முடித்த கையோடு, தாயிடம் சொல்லாமல் அதே மில்லில் பேர் கொடுத்துவிட்டு, அதே பஸ்ஸில் ஏறி, முதல் நாள் வேலைக்கு வந்து நிற்கிறாள். ஷிப்ட் முடிவதற்குள் அவள் மனதை மாற்றத் தாய் பாடுகிற பாட்டுதான் நாடகத்தின் உயிர். 'நூலு அறுந்தா நான் ஒட்டிக்கிருவேன் கண்ணு, ஓம் படிப்பு அறுந்தா எத வச்சு ஒட்டுவேன்' என்று அது தொடங்கும். செட் என்று எதுவும் கிடையாது. எட்டு இரும்பு மடக்கு நாற்காலிகள்தான். இரண்டு இரண்டாகப் போட்டு உட்கார்ந்தால் பஸ். அதையே மடக்கித் தரையில் தட்டினால் மில். முத்துப்பேச்சி வாயைத் திறந்ததும் நாற்காலிகள் நின்றுவிடும். அந்த அமைதியில் பாட்டு எழும். முத்துப்பேச்சியாக நடிக்க மதுரையிலிருந்து வருகிற நடிகைக்கு மைக்கே தேவைப்படாது. எத்தனை ஊரில் போட்டார்களோ அத்தனை ஊரிலும் அந்த இடத்தில் ஜனங்கள் அழுதார்கள்.

அந்த நாடகத்தில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. ஒத்திகைகளில் நான் கொட்டகையின் கடைசி வரிசையில் உட்காருவேன். ஒரு சொல் தெளிவாக வந்து சேரவில்லை என்றாலும் கையைத் தூக்குவேன். செய்யுள் ஒப்பிக்கும்போது எங்கள் சிஸ்டர் கூடத்தின் கோடியில் நின்று அப்படித்தான் கையைத் தூக்குவார். நான் கை தூக்கினால் யார் என்ன பாடிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு மறுபடி பாட வேண்டும். "நம்ம டைம் கீப்பர் சம்சாரம் வந்திருக்காகளா? அப்ப இன்னைக்கு வீட்டுக்குப் போனாப்புலதான்" என்று நடிகர்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கும். கேட்காத மாதிரி இருந்துகொள்வேன்.

நீ இதைப் படமாக எடுக்கப்போகிறேன் என்றபோது எனக்குப் பெருமையைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. மேடையில் ஒருவர் நின்று பாடினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சினிமாவில் நிஜ பஸ்ஸில், நிஜப் பெண் ஒருத்தி திடீரென்று பாடினால் எனக்கே சிரிப்பு வரும். நீ என்ன செய்தாய் என்று பார்த்தபோது அசந்துபோனேன். அன்றைக்கு அதை உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். நாடகத்தின் முதல் பாட்டை எட்டுப் பேரும் சபையைப் பார்த்து உட்கார்ந்து ஒன்றாகப் பாடுவார்கள். நீ அதைத் துண்டு துண்டாக்கினாய். முதலில் ஏறுகிறவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு ஒரு வரியை முணுமுணுக்கிறாள். அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிறவள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த வரியை எடுக்கிறாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எரியோடு ஊரைத் தாண்டும்போது பஸ்ஸும் நிறைந்துவிடுகிறது, பாட்டும் நிறைந்துவிடுகிறது. பாட்டையே பஸ்ஸில் ஏற்றிவிட்டாய். பதினோரு பாட்டில் ஐந்தை நீக்கினாய். அந்த ஐந்தும் இல்லாதது எனக்கே உறுத்தவில்லை. இது சாதாரண வேலை இல்லை. எழுதியவருடைய பிள்ளை என்பதால் வந்துவிடுகிற வேலையும் இல்லை.

அதற்குப் பிறகுதான் மில் பாட்டு. நீ என்னைக் காரில் கூட்டிப்போய், ஓடாமல் கிடந்த ஒரு மில்லில் எந்திரங்களை ஓடவிட்டுக் காட்டினாய். நான் வழக்கம்போல எல்லோருக்கும் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். எந்திரம் ஓடத் தொடங்கியது. கதாநாயகி வாயைத் திறந்தாள். எந்திரம் நிற்கவில்லை. அவள் உதடு அசைகிறது, கை அறுந்த நூலை எடுத்து ஒட்டுகிறது, எதிர்ப் பக்கம் மகள் நிற்கிறாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கையைத் தூக்கினேன். யாரும் திரும்பவில்லை. "கேக்கல!" என்று கத்தினேன். அந்த இரைச்சலில் அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து, தூக்கிய கையைக் கீழே போடாமலே நடந்து வந்து, உன் கேமராவுக்கு முன்னால் நின்றேன்.

நீ எந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடி வந்தாய். "அம்மா, கேக்கக் கூடாதும்மா. அதான் சீனே."

"கேக்காத பாட்டுக்குப் பேரு பாட்டா? ஒங்கப்பா ஊமைப் படத்துக்கா எழுதுனாரு?"

"மில்லுக்குள்ள யாரும் சத்தம் போட்டுப் பேசுறதில்லம்மா. வாய வச்சே பேசிக்கிருவாங்க. இந்த ஹீரோயினுக்கு மில்லுல வேலை பாத்த பாண்டியம்மாக்காதான் மூணு வாரம் சொல்லிக் குடுத்தாங்க."

"எனக்கு மில்லப் பத்திப் பாடம் எடுக்காத. ஒங்கப்பன் எழுதுனதுலயே நல்ல பாட்டு இது. இத ஊமையாக்குனா என் கையெழுத்து கெடையாது, பாத்துக்க."

லைட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் தயங்கி, "அண்ணே, அம்மாவுக்கு ஒரு டீ சொல்லவா?" என்று கேட்டார். அவரைப் பார்த்து நான் முறைத்ததற்கும் சேர்த்து இங்கே வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

கையெழுத்து என்று நான் மிரட்டியதற்கு அர்த்தம் இருந்தது. அவர் போன பிறகு நாடகத்தின் உரிமை என் பேரில் இருக்கிறது. என் சம்மதப் பத்திரம் இல்லாமல் படம் வெளியே வராது. நீ என்னோடு வாதாடவில்லை. காட்சியை எடுத்து முடித்துவிட்டு, நல்ல பாடகி ஒருவரைத் தேடிப் பிடித்து, அந்தக் காட்சியின் மேல் அவர் குரலை மாதிரிக்கு ஏற்றி, எந்திரச் சத்தத்தை அடக்கி, பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாய். டிவியில் போட்டுக் காட்டினாய். நான், "இப்பத்தான் சரி" என்றேன். "சரிம்மா. அடுத்த வாரம் முறையா ரெக்கார்டிங் வச்சிருவோம்" என்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். எட்டாம் வகுப்பில் நீ வரைந்த படத்தை அளவு சரியில்லை என்று நான் ஸ்கேல் வைத்துத் திருத்தியபோது இருந்த அதே முகம். அன்றும் நீ எதுவும் சொல்லவில்லை. சாயங்கால ரயிலுக்குப் புறப்பட்டுவிட்டாய். "பழசும் இதுல இருக்கு, இருக்கட்டும்" என்று பென் டிரைவை டிவியிலேயே விட்டுப் போனாய்.

மறுநாள் காலை பாண்டியம்மா வந்தாள். எரியோட்டிலிருந்து பஸ் ஏறி, ஒரு பை தக்காளியோடு வந்து நின்றாள். இருபது வருடம் மில்லில் வேலை பார்த்தவள். உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஏம்மா, எங்க பேச்ச எடுத்துட்டீகளாம்ல? தம்பி போன்ல சொல்லுச்சு. அது ஒங்களக் கொறை சொல்லல, நான்தான் கேட்டுக் கேட்டு வாங்குனேன்."

"யாரு பேச்சையும் எடுக்கல பாண்டியம்மா. பாட்டுன்னா காதுல விழணும்."

"எங்க காதுல எது விழுந்துச்சு, இம்புட்டு வருசமா? நான் எம் மகளுக்கு மாப்ள பாத்திருக்கேன்னு சொன்னதே ரெண்டு மிசினுக்கு நடுவுல வாயசைச்சுத்தான். அவ வேணாம்னு சொன்னதும் அப்படித்தான். சூப்ரவைசர் எங்களுக்கு நடுவுலதான் நின்னாரு. அவருக்கு ஒரு எழவும் வெளங்கல."

நான் சிரித்துவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சு தக்காளி விலைக்குப் போனது. அப்புறம் அவள் என்னைப் பார்த்து, "அம்மா, காப்பி இருக்கா?" என்றாள். "இப்பத்தான் டிகாஷன் போட்டேன், இரு" என்று நான் எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நான் சத்தமே விடலையேம்மா. வாயத்தான அசைச்சேன்."

நான் கையை உருவிக்கொண்டேன்.

"அன்னைக்கு சூட்டிங்லயே சந்தேகப்பட்டேன். பேசுறவுக கண்ணப் பாக்காம வாயவே பாத்துக்கிட்டு இருந்தீக. எங்க மில்லுல பாதிப் பேரு இப்படித்தான். எத்தன நாளா?"

இளங்கோ, உன்னிடம் மறைத்ததை ஊருக்கே சொல்கிறேன். இரண்டு வருடமாகிறது. இடது காது முழுவதும் போய்விட்டது. வலது காதில் சத்தம் கேட்கும், சொல் கேட்காது. அரைகுறையாக வருவதை உதட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறேன். திண்டுக்கல்லிலிருந்து எந்த ஊருக்குக் கால் போட்டாலும், கொடைக்கானல் மழையில் லைன் கரகரத்தாலும், இரண்டு பக்கமும் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் எடுத்துச் சொன்னவள் நான். எனக்குக் காது கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்? மில்லில் நான் உன் காட்சியைக் கெடுத்ததற்கு உண்மையான காரணம் உன் அப்பாவின் பாட்டு இல்லை. அந்தப் பாட்டு எல்லோருக்கும் கேட்கிறது, எனக்கு மட்டும்தான் கேட்கவில்லை என்று நினைத்துவிட்டேன். பயந்ததை மறைக்கத்தான் உன்னைத் திட்டினேன். நீ கொண்டுவந்த குரல் பாட்டை "இப்பத்தான் சரி" என்றேனே, அதிலும் எனக்கு ஒரு சொல்கூடத் தெளிவாகக் கேட்கவில்லை. வரிகள் எனக்கு மனப்பாடம் என்பதால் தலையாட்டினேன். நேர்மை நேர்மை என்று உன்னை வளர்த்தவள் செய்த வேலை இது.

பாண்டியம்மாவே டிவியைப் போட்டுப் பழைய காட்சியை ஓடவிட்டாள். எந்திர இரைச்சல் வந்தது. நான் டிவி வைத்திருக்கிற மேஜையில் உள்ளங்கையை வைத்திருந்தேன். அந்த இரைச்சலுக்குள் தாளம் போவதை அப்போதுதான் உணர்ந்தேன். பாட்டின் தாளம்தான் அது, எந்திரத்துக்குள் வைத்துத் தைத்திருக்கிறாய். முத்துப்பேச்சியின் முகம் டிவி முழுவதும் வந்தது. நூலு அறுந்தா என்று அவள் உதடு குவிந்து விரிந்தது. ஒரு வார்த்தை தவறவில்லை. அவள் உச்சரிப்பில் நான் கை தூக்க எதுவும் இல்லை. எத்தனையோ முறை கேட்ட பாட்டை முதல்முறையாகப் பார்த்தேன். மேடையில் அவள் ஊருக்கே பாடினாள். உன் படத்தில் மகள் ஒருத்திக்கு மட்டும் பாடுகிறாள். நடுவில் சூப்பர்வைசர் போகிறார், வருகிறார், அவருக்கு எதுவும் தெரியவில்லை. 'எத வச்சு ஒட்டுவேன்' என்ற இடத்தில் மகள் தலையைக் குனிந்துகொள்கிறாளே, அதற்குமேல் தாய் சொன்னது அவளுக்குச் சேராது. சேராவிட்டாலும் தாய் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பக்கத்தில் திரும்பி வாயைப் பார்த்தேன். பாண்டியம்மா, "குனியாதடி, பாரு, பாரு" என்று டிவியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். தன் மகளிடம்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். அதை நான் அவளிடம் விசாரிக்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று இன்னும் இருக்கிறது. முதல் ஒத்திகையில் உன் அப்பா நாற்காலிகளை நிறுத்தச் சொல்லவில்லை. எட்டுப் பேரும் தட்டிக்கொண்டே இருந்தார்கள், அந்த நடிகை வாயை மட்டும் அசைத்தார். நான் கடைசி வரிசையிலிருந்து கையைத் தூக்கினேன். அவர் மேடையை விட்டிறங்கி என்னிடம் வந்து, "மில்லுக்குள்ள யாரும் மிசின நிப்பாட்டிட்டுப் பேசுறதில்ல ஆபரேட்டரம்மா" என்றார். "இது மில்லு இல்ல, மேடை. எனக்கே கேக்கல, ஊர்க்காரங்களுக்கு என்ன கேக்கும்?" என்றேன். "சரி, நீங்க சொன்னா லைன் கட்டு" என்று சிரித்துக்கொண்டே போய் நாற்காலிகளை நிறுத்தினார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. நீ அவர் கேட்டதை அவர் சொல்லாமலே செய்திருக்கிறாய். அவர் இருந்திருந்தால் அன்று மில்லில் உன் பக்கம்தான் நின்றிருப்பார், எனக்கு டீ சொல்லியிருப்பவரும் அவர்தான்.

நான் அன்று மேடைக்குச் சொன்னது தவறு என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தகரக் கொட்டகையின் கடைசி வரிசையிலிருந்து யாருடைய உதடும் தெரியாது. கூலிவேலை முடித்துவிட்டு வந்து அங்கே உட்கார்ந்தவர்களுக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டும் அல்லவா? ஆனால் சினிமாவில் கடைசி வரிசை என்று ஒன்று கிடையாது. எல்லோருக்கும் அவள் முகம் எட்டித் தொடுகிற தூரத்தில் இருக்கிறது. இது உனக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. என் தவறு வேறு. ஏன் அப்படி வேண்டும் என்று உன் அப்பாவிடம் நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். உன்னிடமும் கேட்டிருக்கலாம். இரண்டு முறையும் கையை மட்டும்தான் தூக்கினேன். உனக்குச் சொல்ல ஒரு புத்திமதி உண்டென்றால் அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்மா சொன்னாள் என்பதற்காக உனக்குச் சரி என்று பட்டதை மாற்றாதே. நீ என்னோடு சண்டை போட்டிருக்க வேண்டும். மரியாதை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாய். அது மரியாதை இல்லை, என்னைப் பெரிய மனுஷி என்று ஒதுக்கி வைப்பது. இனிமேல் அப்படிச் செய்தால் எனக்குக் கோபம் வரும்.

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இன்று காலை கூரியரில் அனுப்பிவிட்டேன். அதன் அடியில் என் கைப்பட ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறேன்: இந்தப் பாட்டுக்கு யாருடைய குரலையும் சேர்க்கக் கூடாது, பாட்டு முடிகிறவரை எந்திரம் நிற்கக் கூடாது. உன் தயாரிப்பாளர் வருத்தப்பட்டால் என்னிடம் பேசச் சொல். அந்தப் பாடகிக்கு நீயே நேரில் போய்ச் சொல், போனில் சொல்லாதே. அவருக்கு முதல் பாட்டில் ஒரு வரி கொடுக்க முடிந்தால் கொடு.

கடைசியாக ஒன்று. நீ வீடியோ காலில் கூப்பிடும்போதெல்லாம், உன் வாயையே பார்ப்பதை நீ கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று நான் கட் செய்துவிட்டு, சும்மா கூப்பிடு, முகத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லியிருக்கிறேன். அப்புறம் நீ பேசியதில் பாதிக்கு நான் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லியிருப்பேன், நீயும் அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று விட்டிருப்பாய். இனி வீடியோவிலேயே கூப்பிடு. முகத்தில் வெளிச்சம் படுகிற மாதிரி உட்கார். படம் முடிகிறவரை என்று வளர்த்திருக்கிறாயே ஒரு மீசை, அது மேலுதட்டை மூடுகிறது, நீ சொல்வது எனக்குத் தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அதைக் கத்தரித்துவிடு.

அம்மா